பிரேக்கும் ஆக்சிலும் மாற்றியாயிற்று. சி10-க்கு இனி எந்தச் சக்கரம்?

இந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். மூவரிடமும் இருப்பது 1967-க்கும் 1970-க்கும் இடையில் வந்த ஷெவர்லே சி10 பிக்கப். முன்னால் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறார்கள். இருவர் பின் ஆக்சிலையும் ஐந்து ஸ்டட்டுக்கு (ஸ்டட் என்பது சக்கரத்தை மாட்டும் திருகாணி) மாற்றிவிட்டார்கள், ஒருவர் புது ஆக்சிலுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார். வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, பழைய சக்கரம் ஏறவில்லை. "பதினைந்தா, பதினேழா, இருபதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கண்ணா" என்றார் ஒருவர்.

ஒரே வார்த்தையில் என்றால் பதினேழு. ஆனால் அந்த மூவரில் ஒருவருக்குத்தான் அந்தப் பதில் பொருந்தும். அதனால் முதலில் எதை எதை அளக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வகைக்கும் வருகிறேன்.

## பழைய சக்கரம் ஏன் ஏறவில்லை

1970 வரை வந்த சி10-இல் ஆறு ஸ்டட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 5.5 இஞ்ச், அதாவது 139.7 மி.மீ. 1971-இல் முன்பக்கம் டிஸ்க் பிரேக் எல்லா சி10-க்கும் வந்தது. கூடவே ஸ்டட் ஐந்தாகி, வட்டமும் 5 இஞ்சாக, 127 மி.மீ.-ஆக மாறியது. பழைய வண்டிக்கு இன்று கிடைக்கும் டிஸ்க் மாற்று கிட்டுகளில் பெரும்பாலானவை 1971-க்குப் பிந்தைய பாகங்களை வைத்துச் செய்தவை. அதனால்தான் டிஸ்க் போட்டதும் ஐந்து ஸ்டட் வந்து நிற்கிறது. பின்னால் பழைய ஆறு ஸ்டட் ஆக்சிலை அப்படியே விட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு சக்கரம் வேண்டியிருக்கும். ஸ்டெப்னியும் இரண்டு வேண்டும்.

துளை பொருந்தினாலும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். டிரம் காலத்து 15 இஞ்ச் ரிம்மின் உள்பக்கம் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மனத்தில் வைத்து வளைக்கப்பட்டதல்ல. நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு பழம்பொருள் சந்தையில் அழகான நான்கு 15 இஞ்ச் இரும்பு ரிம் கிடைத்தது. ஐந்து துளையும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து முதலில் டயர் ஏற்றிவிட்டேன், பிறகுதான் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வைத்துப் பார்த்தேன். நட்டை இறுக்கியதும் சக்கரம் சுற்றவில்லை, காலிப்பர் ரிம்மில் முட்டி நின்றது. டயர் ஏறிய ரிம்மை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். அந்த நான்கும் இன்னும் என் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன.

## முதல் அளவு: காலிப்பருக்கு இடம்

கம்பெனி அளவில் வரும் சி10 டிஸ்க் ஏறக்குறைய 11.9 இஞ்ச் விட்டம். டிஸ்க் பிரேக்குக்கென்றே செய்த 15 இஞ்ச் சக்கரம் அதன்மேல் ஏறும். 13 இஞ்ச் டிஸ்க் போட்டிருந்தால் பொதுவாக 17-இலிருந்து தொடங்க வேண்டும், 14 என்றால் 18. இது ஒரு மனக்கணக்கு மட்டுமே. ஒரே விட்டமுள்ள இரண்டு ரிம்மில் ஒன்று ஏறும், ஒன்று முட்டும். உள்வளைவும் ஸ்போக்கின் பின்பக்கமும் ஒவ்வொரு ரிம் வடிவத்துக்கும் வேறுபடுவதே காரணம்.

பிரேக் கிட் செய்யும் கம்பெனிகள் பலவும் காலிப்பரின் வெளிக்கோட்டை முழு அளவில் அச்சிட்டுக்கொள்ளப் படமாகத் தருகின்றன. அதை அட்டையில் ஒட்டி வெட்டி, வாங்கப்போகும் ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். படம் இல்லையென்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டிக் காலிப்பர்மேல் ஒட்டி, டயர் ஏற்றாத வெறும் ரிம்மை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கிய இடத்தின் தடிமன்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடம். 3 மி.மீ.-க்குக் குறைந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம்.

## இரண்டாம் அளவு: பேக்ஸ்பேசிங்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ரிம்மின் உள்விளிம்பிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம் பேக்ஸ்பேசிங். ரிம்மின் நட்டநடுக் கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ஆஃப்செட். பழைய பிக்கப்காரர்கள் முதலாவதைச் சொல்வார்கள், இன்றைய அலாய் வீலின் முதுகில் இரண்டாவதுதான் பொறித்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்.

8 இஞ்ச் ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்புகளையும் சேர்த்தால் சுமார் 9 இஞ்ச். ஆஃப்செட் பூஜ்யம் என்றால் பேக்ஸ்பேசிங் 4.5 இஞ்ச். 4 இஞ்ச் என்றால் ஆஃப்செட் கழித்தல் 13 மி.மீ.

இப்போது உங்கள் வண்டியை எடுத்துக்கொள்வோம். 8 இஞ்ச் ரிம்மும் 4 இஞ்ச் பேக்ஸ்பேசிங்கும் முன்பு மட்கார்டுக்குள் சரியாக நின்றன என்று வையுங்கள். புது டிஸ்க் கிட் ஹப்பைப் பக்கத்துக்கு அரை இஞ்ச் வெளியே தள்ளிவிட்டது. பழைய இடத்திலேயே டயர் நிற்க வேண்டுமானால் இனி 4.5 இஞ்ச் பேக்ஸ்பேசிங் வேண்டும். பின் ஆக்சிலுக்கும் இதே கணக்கு: சக்கரம் உட்காரும் முகம் பக்கத்துக்கு எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு பேக்ஸ்பேசிங்கைக் கூட்டுங்கள், உள்ளே போனதைக் கழியுங்கள். கிட்டோடு வந்த தாளில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும் டேப் வைத்து அளந்த எண்தான் கணக்கில் வர வேண்டும்.

சி10-க்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஷெவர்லேயின் பின்பக்கக் காயில் ஸ்பிரிங் அமைப்பில் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது ஒரே ஒரு குறுக்குத் தண்டு. வண்டியைத் தாழ்த்தினால் அந்தத் தண்டு சாய்ந்து முழு ஆக்சிலையும் ஒரு பக்கம் தள்ளிவிடும். ஒரு பக்கம் இரண்டு விரல் போகிற இடத்தில் மறுபக்கம் டயர் உரசும். அதைச் சக்கரத்தின் குற்றம் என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டு ஒன்றைப் போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அளவெடுங்கள். அளக்கும்போது வண்டி ஸ்டாண்டில் தொங்கக் கூடாது, சாலையில் நிற்கும் உயரத்தில் எடை இறங்கி நிற்க வேண்டும். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்.

## மூன்றாவது: சுமை

இது பிக்கப், பின்னால் தொட்டி இருக்கிறது. என்றாவது ஒருநாள் அதில் மண்ணோ மரமோ ஏறும். பயணிகள் காருக்கான அளவில் வரும் டயரை லேசு ரக டிரக்கில் போட்டால், அதன்மேல் எழுதியிருக்கும் சுமைத் திறனை 1.10-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதிமுறை. சுமைக் குறியீடு 107 என்றால் 975 கிலோ, வகுத்தால் 886. குறியீடு 99 என்றால் 775 கிலோ, வகுத்தால் 704. ரிம்முக்கும் தனியாகச் சுமைத் திறன் உண்டு, பெரும்பாலும் முதுகில் பொறித்திருக்கும். காருக்குச் செய்த பழைய அலாயை வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

## ஒரு பார்வையில்

| சக்கரம் | இடங்கொடுக்கும் டிஸ்க் | மாதிரி டயர் | டயர் உயரம் | பக்கச்சுவர் |
|---|---|---|---|---|
| 15 இஞ்ச், டிஸ்க்குக்கான ரிம் | கம்பெனி அளவு, சுமார் 11.9 இஞ்ச் | 235/75 ஆர் 15 | 28.9 இஞ்ச் | 176 மி.மீ. |
| 15 இஞ்ச், அகல டயர் | அதே | 275/60 ஆர் 15 | 28.0 இஞ்ச் | 165 மி.மீ. |
| 17 இஞ்ச் | பெரும்பாலும் 13 இஞ்ச் வரை | 255/60 ஆர் 17 | 29.0 இஞ்ச் | 153 மி.மீ. |
| 18 இஞ்ச் | பெரும்பாலும் 14 இஞ்ச் வரை | 255/55 ஆர் 18 | 29.0 இஞ்ச் | 140 மி.மீ. |
| 20 இஞ்ச் | 14 இஞ்ச் தாராளமாக | 245/45 ஆர் 20 | 28.7 இஞ்ச் | 110 மி.மீ. |

235/75 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், ரிம் 15 இஞ்ச். டயரின் மொத்த உயரம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ரிம் பெரிதாகப் பெரிதாகக் குறைவது பக்கச்சுவர். குழியில் இறங்கும்போது முதல் அடியைத் தாங்குவது அந்தச் சுவர்தான்.

## 15 இஞ்ச் இரும்பு ரிம், ராலி வீல்

ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களில் பிக்கப்புக்குக் கொடுத்த 15×8 (விட்டம் 15, அகலம் 8 இஞ்ச்) ராலி வீல் ஐந்து நீள் துளைகளும் ஓரத்தில் பளபளக்கும் வளையமும் நடுவில் மூடியுமாக வந்தது. டிஸ்க் பிரேக் வண்டிக்கே உரியது, 4 இஞ்ச் பேக்ஸ்பேசிங். இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வண்டி தன் காலத்துச் சாயலிலேயே இருக்க வேண்டும், பிரேக்கும் கம்பெனி அளவுதான் என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே தேவையில்லை. விலை குறைவு. தடித்த பக்கச்சுவர் பழைய சஸ்பென்ஷனுக்கு ஒத்துப்போகும். ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம்.

டயர்தான் இதன் மறைவான செலவு. அமெரிக்காவில் புதிய கார்கள் 15 இஞ்சை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டதால் இந்த உயரத்தில் நல்ல டயர் வகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. வெள்ளை எழுத்தோடு வரும் பழைய பாணி டயர்களுக்குப் பெரும்பாலும் எஸ் வேகக் குறியீடு, அதாவது மணிக்கு 180 கி.மீ. பிக்கப்புக்கு அது போதும். ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு இன்றைய 17 இஞ்ச் டயருக்கு ஈடாகாது. நல்ல பிரேக் போட்ட பிறகு வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்புதான் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பழைய ரிம்மை டயரோடு வாங்குவதானால் டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. ரப்பர் தேயாமலே பழசாகும்.

## பழைய ஆறு ஸ்டட் சக்கரத்தையே காப்பாற்றுவது

அப்பா காலத்துச் சக்கரம், மூடியில் கம்பெனி முத்திரை, விட மனம் வராது. இதற்கு இரண்டு வழி. ஆறு ஸ்டட்டிலேயே வரும் டிஸ்க் கிட் வாங்குவது முதல் வழி. அப்போதும் பழைய ரிம் காலிப்பரைத் தாண்டுமா என்று பார்த்தே ஆக வேண்டும், பெரும்பாலும் தாண்டாது. டிஸ்க்குக்கான ஆறு ஸ்டட் ரிம் தனியாக வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது, ஐந்தை ஆறாக்கும் அடாப்டர். பார்க்கச் சுலபம். ஆனால் அதன் தடிமன் குறைந்தது ஒன்றேகால் இஞ்ச். அதாவது ஒவ்வொரு சக்கரமும் 32 மி.மீ. வெளியே போகும், மட்கார்டு விளிம்பில் உரசும், வீல் பேரிங்குக்குப் பாரம் கூடும், ஸ்டியரிங் இழுக்கும். அடாப்டரை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால், அவற்றின் இறுக்கத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சுமை ஏற்றும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்காட்சிக்கு மட்டும் போகிற வண்டிக்குப் பரவாயில்லை.

சாயல்தான் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய மூடி பொருந்தும்படி, கேட்ட அகலத்திலும் பேக்ஸ்பேசிங்கிலும் இரும்பு ரிம் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், 17 இஞ்சிலும்கூட. சில வாரம் காத்திருக்க வேண்டும், சொன்ன அளவு தவறானால் திருப்பித் தரவும் முடியாது. அளவில் உறுதியாக இருப்பவர்களுக்கு அதுதான் மிகச் சரியான சக்கரம்.

## 17 இஞ்ச் அலாய்

13 இஞ்ச் பிரேக் உள்ளே அடங்குகிறது. பக்கச்சுவர் இன்னும் 150 மி.மீ.-க்கு மேல். டயர் எந்த ஊரிலும் கிடைக்கும், லேசு டிரக்குக்கான வலுவான டயரும் இதே உயரத்தில் உண்டு. அமெரிக்கன் ரேசிங்கின் டார்க் த்ரஸ்ட் போன்ற 1960-களின் ஐந்து ஸ்போக் வடிவங்களும் இப்போது இந்த அளவில் வருகின்றன. எட்டி நின்று பார்த்தால் பழைய வண்டி, ஓட்டிப் பார்த்தால் நிதானமாக நிற்கிற வண்டி. தினமும் ஓட்டுபவர்களுக்கும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இதில் நட்டுதான் காலை வாரும். இரும்பு ரிம்முக்கும் இன்றைய பெரும்பாலான அலாய்க்கும் 60 பாகைக் கூம்பு நட்டு. சில பழைய பாணி அலாய்க்கு வாஷரோடு கூடிய நேர்த்தண்டு நட்டு. இரண்டையும் மாற்றிப் போட்டால் இறுகியது போலவே தெரியும், ஓட ஓடத் தளரும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு மறை உள்ளே ஏறியிருக்க வேண்டும். அலாயின் முகம் தடித்தது என்பதால் பழைய நீள ஸ்டட் போதாமல் போவது உண்டு.

## 18, 20 இஞ்ச்

14 இஞ்ச் டிஸ்க் போட்டவருக்கு 18 கட்டாயம். அது வசதியான அளவும்கூட. 20 இஞ்சைப் பெரும்பாலும் தோற்றத்துக்காகவே எடுக்கிறார்கள். நிலத்தோடு ஒட்டித் தாழ்த்திய சி10-இல் 20 இஞ்ச் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய ரிம் கனமானது, கனமும் ஓரத்தில் போய் உட்காருகிறது. அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் வேலை. பிரேக்குக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியைச் சக்கரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 110 மி.மீ. பக்கச்சுவரில் ஒவ்வொரு குழியும் ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்டியரிங் மூட்டுகளுக்கும் புஷ்களுக்கும் நேரே போய்ச் சேரும். 245/45 ஆர் 20 டயரில் குறியீடு 99 சாதாரணம், அதன் கணக்கை மேலே பார்த்தோம். சஸ்பென்ஷனையும் முழுதாகப் புதுப்பித்து, சுமை ஏற்றாமல், நல்ல சாலையில் மட்டும் ஓட்டுபவர் தாராளமாகப் போடலாம்.

## ஜீப் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறதே?

இதையும் கேட்கிறார்கள். 2007-இல் வந்த ஜீப் ராங்லருக்கும் அதே ஐந்து ஸ்டட், 127 மி.மீ. வட்டம். கழற்றிப் போட்ட 17×7.5 சக்கரங்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அவற்றின் ஆஃப்செட் சுமார் கூட்டல் 44 மி.மீ., பேக்ஸ்பேசிங்காகச் சொன்னால் 6 இஞ்ச். நமக்கு வேண்டிய 4.5-ஐவிட ஒன்றரை இஞ்ச் உள்ளே போய்ச் சஸ்பென்ஷன் பாகங்களில் முட்டும். நடுத்துளையும் 71.5 மி.மீ. மட்டுமே. சி10-இன் முன் ஹப்பில் பேரிங் மூடியோடு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது இந்தத் துளையில் நுழையாது. கடைந்து பெரிதாக்கி, ஸ்பேசரும் வைத்து, நீள ஸ்டட்டும் போட்டால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

## ஆக்சில் விகிதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது

புது ஆக்சிலோடு பல்விகிதமும் மாறியிருக்கும். 3.73 விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆக்சிலுக்கு வரும் தண்டு 3.73 சுற்று), மேல் கியர் நேரடி என்று கொண்டால், மணிக்கு 65 மைலில் 28 இஞ்ச் டயரோடு எஞ்சின் 2,900 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். 29.7 இஞ்ச் டயரில் அது 2,740 ஆகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துகிறது என்பவருக்கு இந்த வித்தியாசம் காதில் கேட்கும். ஸ்பீடோமீட்டரும் இரண்டுக்கும் வேறு வேறு வேகம் காட்டும். கியர்பெட்டியில் அதன் சின்னப் பல்லை மாற்றும் வேலையையும் கணக்கில் சேருங்கள். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம், ஆறு ஸ்டட் பழைய ஸ்டெப்னி இனி எதற்கும் உதவாது.

## மூவருக்கும் நான் சொன்னது

முதலாமவர் டெக்சாஸில் சிறு பண்ணை வைத்திருக்கிறார். வைக்கோலும் வேலிக்கம்பும் ஏற்றுகிறார். கம்பெனி அளவு டிஸ்க், பழைய ஆக்சிலிலேயே ஐந்து ஸ்டட் ஷாஃப்ட். அவருக்கு 15×8 ராலி, 235/75 டயர். முன்னால் அரை இஞ்ச் வெளியே வந்திருந்தாலும் குறுகிய டயர் என்பதால் உரசவில்லை, அளந்து பார்த்துவிட்டோம்.

இரண்டாமவர் வேலைக்குப் போக வர தினம் எண்பது மைல் ஓட்டுகிறார், 13 இஞ்ச் டிஸ்க். அவருக்குத்தான் அந்த ஒற்றை வார்த்தைப் பதில்: 17×8, பூஜ்ய ஆஃப்செட், 255/60. மாட்டிய பிறகு 50 முதல் 100 மைலுக்குள் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொன்னேன். அரை இஞ்ச் ஸ்டட்டுக்கு 75 முதல் 85 அடி-பவுண்டு.

மூன்றாமவர் ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்சிலை (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டத்தால் வந்த பெயர்) அளவு கொடுத்துச் செய்யப் போகிறார், 14 இஞ்ச் டிஸ்க், 18 இஞ்ச் சக்கரம்தான் என்பதும் முடிவு. அவர் ஆர்டர் படிவத்தில் அகலத்தை எழுதக் கையெடுத்துவிட்டார். நிறுத்தச் சொன்னேன். பிடித்த சக்கரத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், டயரை ஏற்றுங்கள், மட்கார்டுக்குள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கட்டை வைத்து நிறுத்துங்கள், ஒரு பக்கச் சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்கத்தின் அதே முகம் வரை அளந்துவிட்டு, பின் டிஸ்க்கில் சக்கரம் உட்காரும் பகுதியின் தடிமனை இரு பக்கத்துக்கும் சேர்த்து அதில் கழித்து, அந்த எண்ணை எழுதுங்கள் என்றேன். ஆக்சிலை இன்னும் வாங்காதவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது. மற்ற இருவரும் ஆக்சிலுக்கு ஏற்ற சக்கரத்தைத் தேடினார்கள், இவர் சக்கரத்துக்கு ஏற்ற ஆக்சிலைச் செய்துகொள்ளலாம்.